ஓடும் பட்டியின் கதை



பொருள்களை ஆக்கும் தொழில் மனிதனுக்கு மிகப் பழையது. ஆனால், அத்தொழிலைப் பல கூறாகப் பகுத்து, அக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, ஒன்றின் வேகத்தை மற்றொன்றின் வேகத்தோடு இசைவித்து நடத்தும் கலை அத்துணைப் பழையதன்று. அதனை உற்பத்தி வரிசை என்கின்றோம். வெனிஸ் நகரத்துக் கப்பற் பட்டறையிலும், இங்கிலாந்தின் கடற்படைத் துறைமுகத்திலும், அமெரிக்க நாட்டு மோட்டார்த் தொழிற்சாலையிலும், யப்பானிய ஆலையிலும் சிறிது சிறிதாக வளர்ந்த அக்கலையை, இன்று உலகின் பல பாகங்களிலும் உள்ள இளைஞர்கள் கணினியின் முன்னமர்ந்து விளையாட்டாகவே பயின்று வருகின்றனர். விளையாட்டுத்தானே என்று நாம் அதனைத் தள்ளிவிடலாகாது. அவ்விளையாட்டு எதனைச் செவ்வையாகக் கற்பிக்கின்றது, எதனைக் கற்பியாது விடுகின்றது என்று ஆராய்வோமாயின், தொழிலுலகின் வரலாறு ஒருவாறு நமக்கு விளங்கும்.

இவ்வகை விளையாட்டுக்களுள் பெயர் பெற்றது பக்டோரியோ என்பது. செக் நாட்டின் தலைநகராகிய பிராக்கில் ஒரு சிறு குழுவினர் அதனை உருவாக்கினர். 2013ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 2016ஆம் ஆண்டில் முற்றுப்பெறாத நிலையிலேயே பரவலாக விற்பனைக்கு விட்டு, 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14ஆந் திகதி முழுமையான பதிப்பை வெளியிட்டனர். கதை மிக எளியது. வான்கலம் விபத்துக்குள்ளாகி, அறியாத கோளொன்றில் தனியனாக வந்து வீழ்கின்றான் ஒரு பொறியியலாளன். அங்கே இரும்புத் தாதும் செப்புத் தாதும் நிலக்கரியும் கிடக்கின்றன. முதலில் கையாலேயே தாதை வெட்டுகின்றான். பின்னர் உலை அமைக்கின்றான். உருக்கிய தகடுகளைச் சுமந்து செல்ல ஓடும் பட்டிகளை இடுகின்றான். பட்டியிலிருந்து பொருளை எடுத்து இயந்திரத்தினுள் இடுதற்கு இயந்திரக் கைகளை நிறுவுகின்றான். இறுதியில் ஒரு விண்கலத்தை ஏவுதல் வேண்டும். அதற்கிடையில் எழும் தொழிற்சாலையோ பல மைல் தூரம் பரந்து விடும்.

புதிதாக ஆடுவோன் எங்கே தடுக்கி விழுகின்றான் என்பதைப் பார்ப்போம். அவனுக்கு மின்சுற்றுப் பலகைகள் வேண்டும். பலகை ஒன்றுக்கு இரும்புத் தகடு 1, செப்புக் கம்பி 3. செப்புத் தகடு ஒன்றிலிருந்து கம்பி 2 கிடைக்கும். கம்பி இழுப்பதற்கும் பலகை செய்வதற்கும் ஒரே அளவு நேரமே செல்லும். அவன் கம்பி இயந்திரம் ஒன்றையும் பலகை இயந்திரம் ஒன்றையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஓட்டுகின்றான். பலகைகள் போதவில்லை. உடனே பலகை இயந்திரத்தை இரண்டாக்குகின்றான், நான்காக்குகின்றான். பலகைகளின் தொகையோ ஒன்றுதானும் கூடவில்லை. காரணம் யாது? பலகை இயந்திரம் ஒருமுறை இயங்க 3 கம்பிகளை உண்ணும். அதே நேரத்தில் கம்பி இயந்திரம் 2 கம்பிகளையே தரும். முதலில் வைத்த ஒரு பலகை இயந்திரமே மூன்றிலொரு பங்கு நேரம் சும்மா இருந்தது. மேலும் மூன்றைச் சேர்த்ததனால் சும்மா இருக்கும் இயந்திரங்களின் தொகைதான் பெருகிற்று.

கம்பி இயந்திரம் 3, பலகை இயந்திரம் 2 என்று வைத்தால் மூன்றும் சேர்ந்து 6 கம்பி தரும். இரண்டும் சேர்ந்து 6 கம்பி உண்ணும். எதுவும் காத்திராது, எதுவும் தேங்காது. இதனை ஆடுவோன் தானாகவே கண்டுபிடிக்கின்றான். கண்டுபிடித்த அன்று அவனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி பெரிது. ஏனெனில் அவன் கண்டது ஒரு பொது விதி. எந்த வரிசையும் தன்னுள் மிகத் தாமதமான கட்டத்தின் வேகத்திலேயே ஓடும். வாய்க்கால் எத்துணை அகலமாயினும், அதன் மிக ஒடுங்கிய இடம் எவ்வளவு நீரை விடுகின்றதோ அவ்வளவே வயலுக்குச் சேரும். ஒடுங்கிய இடத்தை விட்டு மற்ற இடங்களை அகலமாக்குவோன் மண்ணை வெட்டியதன்றி வேறெதுவும் செய்தவனாகான்.

ஆதலின், தேர்ந்த ஆட்டக்காரன் வரிசையை முதலிலிருந்து தொடங்குவதில்லை. முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகின்றான். நிமிஷத்துக்கு எத்தனை பலகை வேண்டும், அதற்கு எத்தனை கம்பி, அதற்கு எத்தனை தகடு, அதற்கு எத்தனை உலை என்று இறங்கி வருகின்றான். அவ்விளையாட்டில் முதல் நிலை ஓடும் பட்டி ஒரு விநாடிக்கு 15 பொருள்களைச் சுமக்கும். கல் உலை ஒன்று ஒரு தகட்டை உருக்க 3.2 விநாடி எடுக்கும். எனவே ஒரு பட்டியை நிரப்ப வேண்டிய உலைகள் 48. நாற்பத்தொன்பதாவது உலை வீண். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்னும் நம் முன்னோர் வாக்கு இங்கே எழுத்துக்கெழுத்துப் பொருந்துகின்றது.

இக்கணக்கை உலகிற்குத் தந்தவர் யார்? ஒருவரல்லர். பல நாட்டவர் பல நூற்றாண்டுகளில் பகுதி பகுதியாகக் கற்றனர். அவர்களைக் காண முதலில் இத்தாலியின் வெனிஸ் நகருக்குச் செல்வோம்.

1104ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றதென்று மரபு கூறும் வெனிஸ் அரசின் கப்பற் பட்டறைக்கு அர்செனாலே என்று பெயர். பேரோ தாபூர் என்னும் ஸ்பானிய யாத்திரிகர் 1430களில் அதனைக் கண்டு வியந்து எழுதி வைத்தார். பட்டறையின் நடுவே கால்வாய் ஒன்று ஓடுகின்றது. இரு மருங்கும் களஞ்சியங்கள். அவற்றின் சாளரங்கள் கால்வாயை நோக்கியுள்ளன. போர்க் கப்பலொன்றைப் படகு கட்டி இழுத்து வருகின்றார்கள். அது செல்லச் செல்ல, ஒரு சாளரத்திலிருந்து கயிறுகளும், மற்றொன்றிலிருந்து உணவுப் பொருள்களும், வேறொன்றிலிருந்து படைக்கலங்களும் கப்பலுக்குள் இறங்குகின்றன. கால்வாயின் முடிவை அடையும்போது கப்பல் ஆட்களும் துடுப்புக்களும் கொண்டு கடலுக்குப் புறப்படத் தயாராயிருக்கும். ஆறு மணி நேரத்துள் பத்துக் கப்பல்கள் இவ்வாறு வெளிவந்தன என்பது அவர் கூற்று. கப்பலின் உடலைக் கட்டுவது நெடுங்கால வேலை. கட்டிய உடல்களைச் சேமித்து வைத்து, வேண்டியபோது அணிசெய்து அனுப்புவதே அங்கே வரிசையாக நடந்தது. எனினும் ஒரு பெரிய உண்மையை வெனிஸ் கண்டுகொண்டது. ஆட்களும் பொருள்களும் வேலையைத் தேடி அலைவதிலும், வேலை அவர்களைத் தேடி வருவது நன்று. ஓடும் பட்டியின் முதல் உருவம் அக்கால்வாயின் நீரே எனலாம்.

அடுத்த பாடம் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கிடைத்தது. நெப்போலியனோடு நடந்த போர்க்காலம் அது. பாய்களை ஏற்றவும் இறக்கவும், பீரங்கிகளை நகர்த்தவும் மரக் கப்பிகள் வேண்டும். 74 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு மட்டும் ஏறக்குறைய 1,000 கப்பிகள் தேவைப்பட்டன. கடற்படை முழுவதற்கும் ஆண்டுதோறும் இலட்சக் கணக்கில். தேர்ந்த தச்சர்கள் கையாலே செய்து வந்த இவ்வேலையை, பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மார்க் புரூனல் என்னும் பொறியியலாளர் பல சிறு வேலைகளாகப் பகுத்தார். மரத்தை அளவாக அறுப்பது ஒரு வேலை. துளையிடுவது ஒரு வேலை. உருளைக்குக் குழி தோண்டுவது ஒரு வேலை. வெளிப்புறத்தைச் செதுக்குவது ஒரு வேலை. கயிறு பதியப் பள்ளம் இடுவது மற்றொரு வேலை. ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திரத்தை அவர் வரைய, ஹென்றி மோட்ஸ்லி என்னும் கைவல்லார் அவற்றை உலோகத்தில் வார்த்துத் தந்தார். கடற்படையின் பொறியியற் பொறுப்பிலிருந்த சாமுவேல் பென்தம் ஆதரவளித்தார். 1802ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுள் 45 இயந்திரங்கள் நிறுவப்பட்டன. 1808ஆம் ஆண்டில் அவை 130,000 கப்பிகளைச் செய்தன. தேர்ந்த தொழிலாளர் 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்யக் கூடியதாயிற்று.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். 110 பேர் செய்ததை 10 பேர் செய்தனர் என்னும்போது, எஞ்சிய 100 பேர் எங்கே போயினர் என்னும் கேள்வி எழுகின்றது. கப்பிக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை. உற்பத்தி வரிசையின் வரலாறு முழுவதிலும் இக்கேள்வி நிழல்போல் தொடர்ந்து வருவதைக் காண்போம்.

நூறாண்டு கழிந்து அமெரிக்காவின் டிட்ரோயிட் நகர்ப் புறத்தே, ஹைலண்ட் பார்க் என்னுமிடத்தில் ஹென்றி போர்டின் தொழிற்சாலை 1910ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அவருடைய ரி மாதிரி மோட்டார் வண்டி 1908ஆம் ஆண்டில் 850 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. நாடெங்கும் அதனைக் கேட்டனர். செய்து கொடுக்க இயலவில்லை. சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களில் விலங்குகளின் உடல்கள் மேலே செல்லும் கொக்கிகளில் தொங்கி ஆளுக்காள் நகர்வதைப் பார்த்து, போர்டின் ஆட்கள் அம்முறையைத் திருப்பிப் போட்டனர். அங்கே ஒன்றாயிருந்தது பகுதி பகுதியாகப் பிரிந்தது. இங்கே பகுதிகள் சேர்ந்து ஒன்றாயின.

1913ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வண்டிக்கு மின்பொறி தரும் மக்னீற்றோ என்னும் உறுப்பில் முதற் பரீட்சை நடந்தது. முன்னர் ஒருவரே முழு உறுப்பையும் பொருத்த 20 நிமிஷம் சென்றது. அவ்வேலையை 29 பேருக்குப் பகிர்ந்து வரிசையாக நிறுத்தவே, 13 நிமிஷம் 10 விநாடியாயிற்று. அடுத்த ஆண்டில் வரிசையின் உயரத்தை 8 அங்குலம் கூட்டினர். நேரம் 7 நிமிஷமாகக் குறைந்தது. பின்னர் வேகத்தைத் திருத்தி 5 நிமிஷமாக்கினர். இந்த 8 அங்குலத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் அதற்கு வருவோம்.

வேகத்தைத் திருத்தியது எவ்வாறு என்பதும் அறியத்தக்கது. பட்டியை நிமிஷத்துக்கு 60 அங்குல வேகத்தில் ஓட்டிப் பார்த்தனர், மிக விரைவாயிருந்தது. 18 அங்குலத்துக்கு இறக்கினர்; மிக மெதுவாயிருந்தது. இறுதியில் 44 அங்குலம் என்று நிறுத்தினர். மிகுந்த வேகம் நல்ல வேகமன்று. எல்லாக் கட்டங்களும் தாங்கக்கூடிய வேகமே நல்ல வேகம் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. வண்டியின் அடித்தளத்தைப் பொருத்த முன்னர் 12 மணி 28 நிமிஷம் சென்றது. அதனைக் கயிறு கட்டி இழுத்து 5 மணி 50 நிமிஷமாக்கினர். 1914ஆம் ஆண்டில் 1 மணி 33 நிமிஷமாயிற்று. 850 டொலர் வண்டி 1920களின் நடுவே 300 டொலருக்கும் குறைந்த விலைக்கு விற்றது. உழவனும் தொழிலாளியும் வண்டி வாங்கினர். இது மறுக்க முடியாத நன்மை.

ஆனால் வரிசையில் நின்றவன் கதை என்ன? ஒருவன் மரையாணியை இடுவான், அடுத்தவன் மரையை மாட்டுவான், அதற்கடுத்தவன் முறுக்குவான். நாள் முழுவதும் அதுவே வேலை. வேலையின் வேகத்தைத் தொழிலாளியின் கை தீர்மானித்த காலம் போய், பட்டி தீர்மானிக்கும் காலம் வந்தது. ஆட்கள் நிற்கவில்லை. 1913ஆம் ஆண்டில் ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக 52,000 பேர்வரை புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. வந்தவர் வந்த வழியே போயினர். ஆட்டக்காரன் மொழியிற் கூறுவதானால், அத்தொழிற்சாலையின் மிக ஒடுங்கிய மடை அப்பொழுது இரும்பிலோ உலையிலோ இல்லை. மனிதனின் பொறுமையில் இருந்தது.

அதனை அகலமாக்கவே 1914ஆம் ஆண்டு ஜனவரி 5ஆந் திகதி, 8 மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டொலர் என்று போர்ட் அறிவித்தார். அதற்கு முன் 9 மணி நேரத்துக்கு அதிற் பாதியளவே கூலி. கடுங்குளிரில் ஆயிரக் கணக்கானோர் வாயிலில் வந்து மொய்த்தனர். எனினும் அந்த 5 டொலர் எல்லோருக்கும் எளிதிற் கிடைத்ததன்று. அதில் ஒரு பகுதி இலாபப் பங்காகக் கணக்கிடப்பட்டது. குடி, ஒழுக்கம், வீட்டின் துப்புரவு முதலியவற்றை வீடுவீடாகச் சென்று விசாரிக்கத் தனிப் பகுதியொன்று அமைக்கப்பட்டது. பட்டியின் ஆட்சி தொழிற்சாலை மதிலைத் தாண்டி வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

நான்காவது பெரிய பாடம் யப்பானிலிருந்து வந்தது. டொயோடா சகிச்சி என்பவர் 1924ஆம் ஆண்டில் நிறைவு செய்த தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதான துணியை விரைவாக நெய்வதிலும் நின்றுவிடுவது இலாபம் என்பது அவர் கருத்து. அக்குடும்பத்தின் மோட்டார்த் தொழிற்சாலையில் 1943ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த ஓனோ தாயிச்சி என்பவர் அக்கருத்தை முழு வரிசைக்கும் விரித்தார். போரிற் களைத்த நாட்டில், விற்க முடியாத வண்டிகளைச் செய்து குவிக்க இடமுமில்லை, பணமுமில்லை. அமெரிக்காவின் பெருங்கடைகளில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே தட்டு மீண்டும் நிரப்பப்படுகின்றது என்பதை ஓனோ கவனித்தார். அதுபோலவே, பின்னுள்ள கட்டம் கேட்ட பின்னரே முன்னுள்ள கட்டம் செய்தல் வேண்டும் என்று விதித்தார். கேட்பதற்கு அடையாளமாக ஒரு சிறிய அட்டை பின்னிருந்து முன்னுக்குச் செல்லும். அட்டை வராவிட்டால் வேலையில்லை. மேலும், பழுது கண்ட எந்தத் தொழிலாளியும் வரிசையை நிறுத்தலாம். போர்டின் வரிசையில் நில்லாமையே பெருமை. ஓனோவின் வரிசையில் நிறுத்தும் உரிமையே பெருமை.

நிறைந்து கிடப்பது செல்வமன்று, தேக்கம் என்னும் இக்கருத்துக்குக் கணித உருவமும் உண்டு. அமெரிக்க அறிஞர் ஜோன் லிட்டில் 1961ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். வரிசையில் உள்ள பொருள்களின் சராசரித் தொகை, அவை வந்து சேரும் வீதத்தை ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தால் பெருக்கி வருவதாகும். விநாடிக்கு 15 பொருள் வந்து, ஒவ்வொன்றும் 20 விநாடி தங்கினால், பட்டியில் 300 பொருள் இருக்கும். அப்பட்டியில் 600 பொருள் கிடப்பதைக் கண்டு மகிழ்வோன் ஏமாறுகின்றான். வரத்து அதுவேயானால், அவன் காண்பது இருமடங்கு உற்பத்தியன்று, இருமடங்கு காத்திருப்பு.

இப்பொழுது பிராக் நகரத்து விளையாட்டுக்குத் திரும்புவோம். வெனிஸின் நகரும் வேலை, போர்ட்ஸ்மத்தின் பகுத்த வேலை, ஹைலண்ட் பார்க்கின் அளந்த வேகம் ஆகிய மூன்றும் அதனுள் உள்ளன. யப்பானின் பாடமும் ஒரு பாதி உண்டு. ஆட்டத்தில் ஒரு பட்டி நிறைந்துவிட்டால், அதற்குப் பொருள் தரும் இயந்திரங்கள் யாரும் சொல்லாமலே நின்றுவிடும். முன்னே ஒரு பொருள் எடுக்கப்பட்டால், பின்னே ஒரு பொருள் செய்யப்படும். நிறைந்த பட்டியே அங்கே ஓனோவின் அட்டையாகின்றது. 2019ஆம் ஆண்டில் சுவீடனிலும், 2021ஆம் ஆண்டில் சீனாவிலும் இவ்வகை விளையாட்டுக்கள் வேறு எழுந்தன. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாகப் பெரும் பொருட்செலவில் கற்ற கணக்கைப் பதினைந்து வயதுப் பிள்ளையொருவன் ஒரு விடுமுறைக்குள் தன் அறையிலிருந்தே கற்றுக்கொள்கின்றான். தவறினால் இடித்துவிட்டு மீண்டும் கட்டலாம். இது கல்வியன்றோ!

ஆனால் அவ்விளையாட்டு விட்டுவிட்ட ஒன்றுண்டு. அது புகையைக் கணக்கில் எடுக்கின்றது. தொழிற்சாலையின் மாசு பரவினால் அக்கோளின் உயிர்கள் சினந்து வந்து தாக்கும். அது மின்சாரத்தைக் கணக்கில் எடுக்கின்றது. நிலத்தை, நேரத்தைக் கணக்கில் எடுக்கின்றது. மனிதனை மட்டும் எடுக்கவில்லை. அங்கே பொருளை எடுத்து இடுவன இயந்திரக் கைகள். அவை களைப்பதில்லை; குனிந்தால் அவற்றுக்கு முதுகு நோவதில்லை; வேலையை விட்டுப் போவதுமில்லை. மனிதனில்லாத தொழிற்சாலையாதலாற்றான் அதில் கணக்கு அத்துணை அழகாகப் பொருந்துகின்றது. விளையாட்டை இதற்காகக் குறை கூறுதல் தகாது. சதுரங்கத்தில் காலாளுக்குக் குடும்பம் இல்லையே என்று எவரும் வருந்துவதில்லை. ஆயினும் சதுரங்கம் கற்றவன் போரைக் கற்றுவிட்டதாக எண்ணினால் பிழை. அதுபோலவே இதுவும்.

நாளை இப்பிள்ளைகளுட் சிலர் உண்மையான தொழிற்சாலைகளை வகுக்கக்கூடும். மூன்றுக்கு இரண்டு என்னும் கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அப்பொழுது அவர்கள் ஹைலண்ட் பார்க்கின் அந்த 8 அங்குலத்தையும் நினைத்தல் வேண்டும். அங்கே நேரத்தைப் 13 நிமிஷத்திலிருந்து 7 நிமிஷமாகக் குறைத்தது புதிய இயந்திரமன்று, கூடுதலான ஆளுமன்று, பட்டியின் வேகமுமன்று. குனிந்து நின்ற மனிதன் நிமிர்ந்து நின்று வேலை செய்யும்படி பட்டியைச் சிறிது உயர்த்தினார்கள், அவ்வளவே.